ப்ராஜெக்ட் ஃபைலிலிருந்து கேபிள் ஒளிபரப்பு வரை: தானே புயல் படம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. அடுத்து வந்த வாரங்களில் ஊர் ஊராகப் போய் எடுக்கப்பட்ட 48 நிமிட ஆவணப்படம் ஒன்றை, புயலின் நினைவு நாளில் ஒளிபரப்பக் கடலூரின் உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று முன்வந்தது. படம் 2012இல் ஆப்பிள் நிறுவனத்தின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோ 7இல் எடிட் செய்யப்பட்டது. சேனலுக்கு வேண்டியது எம்பெக்-2 டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம், அதாவது படத்தையும் ஒலியையும் அமுக்கி ஒளிபரப்புக்கென்று கட்டிய ஃபைல். அந்த மாற்றும் வேலை மஞ்சக்குப்பத்தில் நான் எடிட்டிங் பார்க்கும் இடத்துக்கு வந்தது.

இயக்குநர் என்னைவிட மூத்தவர். ஹார்டு டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு, “தம்பி, ப்ராஜெக்ட் ஃபைல் பத்திரமா இருக்கு. அதை அப்படியே கேபிள்காரங்க கேக்குற மாதிரி மாத்திக் குடுத்துடுங்க” என்றார்.

“அண்ணே, இதுக்குள்ள படம் கிடையாதுண்ணே. எந்தப் படம் எங்க இருக்குங்கிற விலாசமும், எங்க வெட்டணும்ங்கிற கணக்கும்தான் இருக்கு.”

அவர் நம்பவில்லை. ஃபைலின் அளவைக் காட்டினேன். சில எம்பிதான். படம் எடுத்த எச்டிவி டேப் (எச்டி தரத்தில் பதியும் கேமரா டேப்) ஒரு மணி நேரத்துக்கே பதினோரு ஜிபிக்கு மேல் பிடிக்கும். அப்புறம்தான் கூட வந்திருக்க வேண்டிய மற்ற ஃபோல்டர்களைப் பற்றிப் பேச முடிந்தது.

இந்த வேலைக்கு “கன்வர்ட்” என்று ஒரே பெயர் வைத்திருப்பதால், ஒரு பொத்தானை அழுத்தினால் முடியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் ப்ராஜெக்ட் ஃபைல் பல முடிவுகளைத் திறந்தே வைத்திருக்கும். ஃபீல்டு வரிசை, பிக்சல் வடிவம், எழுத்துரு, ஒலி அளவு எல்லாவற்றையும் அந்தக் கம்ப்யூட்டரும் அந்த மென்பொருளும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளும். ஒளிபரப்பு ஸ்ட்ரீமில் அந்த வசதி இல்லை. ஒவ்வொன்றும் முன்கூட்டியே முடிவாகி, உறைந்து போயிருக்க வேண்டும். இந்த வேலையில் வந்த சிக்கல்கள் அத்தனையும், பழைய மென்பொருள் யாருக்கும் சொல்லாமல் எடுத்து வைத்திருந்த முடிவுகளைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் இருந்தன.

கையில் வந்தவையும் சேனல் கேட்டதும்

டிஸ்க்கில் ஒரு ப்ராஜெக்ட் ஃபைல், டேப்பிலிருந்து கேப்சர் செய்த கிளிப்புகள் உள்ள ஃபோல்டர், மென்பொருள் கணக்கிட்டு முடித்த காட்சிகளைச் சேமிக்கும் ரெண்டர் ஃபோல்டர், அதுவும் பாதி அழிந்தது. தனியாக ஒரு டிவிடி, ஒரு அட்டைப் பெட்டி நிறைய மினி டிவி டேப் (இங்கே டிவி என்பது தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ என்ற டேப் வகை). படம் இரண்டு கேமராவில் எடுக்கப்பட்டிருந்தது. ஒன்று சோனி இசட் ஒன், எச்டிவி. இன்னொன்று அந்தக் காலத்தில் நம் ஊர்க் கல்யாண வீடுகளில் தவறாமல் தென்பட்ட பிடி 170, சாதாரண டிவி. இது போக, புயல் அடித்த காலையில் யாரோ செல்போனில் எடுத்த மூன்று துண்டுகள்.

கேபிள் கன்ட்ரோல் ரூமில் கேட்டது இது: 720க்கு 576 பிக்சல், நொடிக்கு 25 ஃப்ரேம், இன்டர்லேஸ், மேல் ஃபீல்டு முதலில் (இவற்றைப் பின்னால் விளக்குகிறேன்), எம்பெக்-2 வீடியோ 4 மெகாபிட் நிலையான வேகத்தில், எம்பெக் லேயர் 2 ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ். விளம்பர இடைவேளைக்காக நான்கு பாகம்.

எச்டி காலத்தில் எதற்கு இந்தப் பழைய அளவு என்று இயக்குநருக்கு வருத்தம். அதற்குக் காரணம் இருக்கிறது. டிஜிட்டல் கேபிளில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில், 64 குவாம் என்ற பண்பேற்ற முறையில், நொடிக்கு 6.875 மெகாசிம்பல் (68.75 லட்சம் குறிகள்) அனுப்பினால், பிழை திருத்தத்துக்கான பங்கு போக, சுமார் 38 மெகாபிட்தான் தேறும். அதைப் பத்துப் பதினைந்து சேனல்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளூர் சேனலுக்கு 4 மெகாபிட் ஒதுக்கியதே தாராளம்தான்.

டிவிடியை ஏன் பயன்படுத்தவில்லை

இந்தக் கேள்வி நியாயமானது, எல்லோரும் கேட்டார்கள். டிவிடியில் இருப்பதும் எம்பெக்-2 தான், 720க்கு 576 தான். சுமக்கும் உறை மட்டும் வேறு. டிவிடியில் ப்ரோக்ராம் ஸ்ட்ரீம், ஒளிபரப்பில் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம். உள்ளே இருக்கும் வீடியோவைத் தொடாமல் உறையை மட்டும் மாற்ற முடியும், தரமும் குறையாது. நல்ல டிவிடி கையில் இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று இன்றும் சொல்வேன்.

இந்த டிவிடி அதற்கு உதவவில்லை. அதில் இருந்தது முந்தைய வெட்டு. நெல்லிக்குப்பம் பக்கத்து விவசாயி ஒருவருடைய பேட்டியும், அவர் தோப்பில் விழுந்த மரங்களை எண்ணிக் காட்டும் பகுதியும் அதற்குப் பிறகுதான் சேர்க்கப்பட்டிருந்தன. அகலப் படத்தை மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து 4க்கு 3 சட்டத்துக்குள் அடைத்திருந்தார்கள். 576 வரியில் படத்துக்குக் கிடைத்தது 432 வரிதான்.

அப்படியிருந்தும் அந்த டிவிடி இல்லாமல் இந்த வேலை முடிந்திருக்காது. ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனின் மேல் டிராக்கில் அதை வைத்து, கீழே புதிதாகக் கட்டிய வெட்டோடு ஷாட் ஷாட்டாக ஒப்பிட்டோம். எங்கே படம் நகர்ந்தது, ஒரு ஷாட் இன்னொன்றில் கரையும் டிசால்வ் எங்கே காணாமல் போனது, எந்த எழுத்து எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

பூட்டிய ப்ராஜெக்ட்டைத் திறப்பது

ஃபைனல் கட் ப்ரோ 7, 2009இல் வந்தது. 2011இல் ஆப்பிள் நிறுவனம் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் கொண்டுவந்தபோது, பழைய ப்ராஜெக்ட்டை நேரடியாகத் திறக்கும் வழியை அதில் வைக்கவில்லை. மேக் ஓஎஸ் 10.13 முதல் பழைய மென்பொருளே ஓடாது. ப்ராஜெக்ட் ஃபைலின் உள்ளமைப்பும் மற்ற மென்பொருள்களுக்குப் புரியாது. எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: எங்காவது ஒரு பழைய மேக்கில் ஃபைனல் கட் 7ஐத் திறந்து, அங்கிருந்து எக்ஸ்எம்எல்லாக வெளியே எடுக்க வேண்டும். எக்ஸ்எம்எல்லை இன்றைய எடிட்டிங் மென்பொருள்களான பிரீமியரும் படிக்கும், டாவின்சி ரிசால்வும் படிக்கும்.

புதுச்சேரியில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் அப்படி ஒரு மேக் இன்னும் உயிரோடு இருந்தது. அவர்களுடைய பழைய ஆல்பம் வேலைகளுக்காக வைத்திருக்கிறார்கள். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போய், திறந்து, எக்ஸ்எம்எல் எடுத்து, டைம்லைன் முழுவதையும் திரையில் நகர்த்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வந்தோம். அங்கேயே எக்ஸ்போர்ட் செய்திருக்கலாமே என்று தோன்றும். மூல ஃபைல் கிடைக்காததால் பல கிளிப்புகள் ஆஃப்லைனில் சிவப்பாகக் கிடந்தன, டைட்டில் எழுத்துரு அந்த மெஷினில் இல்லை. அவர்களுடைய அன்றாட வேலைக்கு நடுவே நாள் கணக்கில் உட்காரவும் முடியாது.

எக்ஸ்எம்எல் என்பது வெறும் எழுத்து ஃபைல். நோட்பேடில் திறந்தாலே ஒவ்வொரு கிளிப்பும் எந்த டிஸ்க்கில், எந்த ஃபோல்டரில் இருந்தது என்ற முழு விலாசம் தெரியும். 2012இல் வேறு பெயரில் இருந்த டிஸ்க்கின் விலாசத்தை இன்றைய விலாசமாகத் தேடி மாற்றியதிலேயே பெரும்பாலான கிளிப்புகள் சேர்ந்துவிட்டன. விடுபட்டவற்றை டேப்பிலிருந்து மறுபடி கேப்சர் செய்தோம். ரீல் (டேப்) பெயரும், ஒவ்வொரு ஃப்ரேமின் நேரத்தைக் குறிக்கும் டைம்கோடும் எக்ஸ்எம்எல்லில் இருந்ததால், எந்த டேப்பில் எந்த நிமிடம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. டேப்பின் மேல் பெயர் எழுதி வைத்த அன்றைய உதவி எடிட்டருக்கு இந்தப் படம் கடன்பட்டிருக்கிறது.

கடற்கரை ஊரில் பூட்டிய பீரோவுக்குள் இருந்த டேப்புகள். சிலவற்றில் டிராப்அவுட், அதாவது பதிவு விட்டுப்போன இடங்கள் இருந்தன. இங்கே டிவிக்கும் எச்டிவிக்கும் உள்ள வித்தியாசம் கண்முன்னே தெரிந்தது. டிவியில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனியாக நிற்பது. டேப்பில் ஒரு கீறல் என்றால் அந்த ஒரு ஃப்ரேமில் சில சதுரங்கள் கெடும், அவ்வளவுதான். எச்டிவி எம்பெக்-2 முறையில் பன்னிரண்டு ஃப்ரேமை ஒரு குழுவாகச் சேர்த்து அமுக்குகிறது. குழுவின் முதல் ஃப்ரேம் கெட்டால் அதை நம்பியிருக்கும் மற்றவையும் கெடும். ஒரு சின்னக் கீறலுக்கு ஏறக்குறைய அரை நொடிப் படம் போய்விடுகிறது. தேவனாம்பட்டினம் கடற்கரை ஷாட்டில் அப்படித்தான் ஆனது. அதே டேப்பில் அடுத்து வந்த டேக்கிலிருந்து எடுத்து நிரப்பினோம், இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்புக்கொண்ட பிறகு.

செல்போன் துண்டுகளுக்கு டைம்கோடே கிடையாது. தவிர, அந்தப் போன்கள் ஃப்ரேமை ஒரே சீராக எடுப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் வேகமும் குறையும். அவற்றை முதலில் நிலையான 25 ஃப்ரேமாக மாற்றி, டிவிடியைப் பார்த்துக் கைவேலையாகப் பொருத்தினோம். ஓடு பறக்கும் அந்தச் சில நொடிகள்தான் படத்திலேயே புயலின் நேரடிக் காட்சி. மங்கலாக இருந்தாலும் அதற்குச் சமமாக வேறொன்று இல்லை.

பின்னால் போன பஸ்

இந்த வேலையில் அதிக நேரம் தின்றது ஒரே ஒரு விஷயம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய டிவி டேப்பை ஒளிபரப்புக்குக் கொண்டுபோகும் யாரும் இதில் இடறாமல் தப்புவது கடினம்.

படத்தின் நடுவில் ஒரு ஷாட். பண்ருட்டிச் சாலையில் விழுந்த புளியமரத்தைப் பாதி அறுத்து வழி விட்டிருக்கிறார்கள், அந்த இடைவெளியில் ஒரு பஸ் இடமிருந்து வலமாக நுழைந்து போகிறது. பிடி 170இல் எடுத்தது. கம்ப்யூட்டர் திரையில் எந்தக் குறையும் தெரியவில்லை. செட்டாப் பாக்ஸ் வழியாகப் பழைய டியூப் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்தால், பஸ் முன்னும் பின்னும் உதறிக்கொண்டே போகிறது. ஜன்னல் கம்பிகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன.

இன்டர்லேஸ் படத்தில் ஒரு ஃப்ரேம் என்பது இரண்டு ஃபீல்டு. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் ஐம்பதில் ஒரு நொடி கழித்து எடுக்கப்படுகின்றன. எந்த வரிசை முதலில் வருகிறது என்பதில்தான் சிக்கல். பால் (PAL, நம் நாட்டுத் தொலைக்காட்சி முறை) வகை டிவி கேமராவில் கீழ் ஃபீல்டு முதலில். எச்டிவியில் மேல் ஃபீல்டு முதலில். சேனல் கேட்டதும் மேல் ஃபீல்டு முதலில். டிவி கிளிப்பை அப்படியே எச்டிவி டைம்லைனில் போட்டு வெளியே எடுத்தால், ஃபீல்டுகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வருவதற்குப் பதிலாக இரண்டு, ஒன்று, நான்கு, மூன்று என்று வரும். பஸ் ஓர் அடி பின்னால் போய், மூன்று அடி முன்னால் குதித்து, மறுபடி ஓர் அடி பின்னால் போகிறது.

2012இல் மட்டும் இது எப்படிச் சரியாக இருந்தது? ஃபைனல் கட் 7, ஃபீல்டு வரிசை ஒத்துப்போகாத கிளிப்பை டைம்லைனில் வைத்ததும், “ஷிஃப்ட் ஃபீல்ட்ஸ்” என்ற ஃபில்டரைத் தானாகவே அதன்மேல் போட்டுவிடும். படத்தை ஒரு வரி நகர்த்தி வரிசையைச் சரிசெய்யும். எடிட்டர் கவனித்திருக்கக்கூட மாட்டார். எக்ஸ்எம்எல் புது மென்பொருளுக்கு வந்தபோது, அந்த ஃபில்டரை அது சத்தமில்லாமல் விட்டுவிட்டது.

பெயர் மட்டும் எக்ஸ்எம்எல்லில் எழுத்தாக இருந்தது. அந்தப் பெயரைத் தேடியதும், படத்தில் எந்தெந்த ஷாட் எல்லாம் டிவி கேமராவிலிருந்து வந்தது என்ற பட்டியல் அப்படியே கிடைத்தது. எடிட்டர் குறித்து வைக்காததை மென்பொருள் குறித்து வைத்திருந்தது. இப்படி ஒரு நிலை வந்தால் முதலில் எக்ஸ்எம்எல்லில் இந்தப் பெயரைத் தேடுங்கள்.

பட்டியல் கைக்கு வந்த பிறகு, அந்த மூலக் கிளிப்புகளை மட்டும் தனியாக எடுத்தோம். கீழ் ஃபீல்டு முதலில் என்று சரியாகச் சொல்லி, நொடிக்கு 50 முழுப் படமாகப் பிரித்து, அந்த 50 படத்தை எச்டி அளவுக்குப் பெரிதாக்கி, மேல் ஃபீல்டு முதலில் வரும்படி மறுபடி பின்னினோம். பெயரும் டைம்கோடும் பழையபடியே இருந்ததால், டைம்லைனில் பழைய கிளிப்பின் இடத்தில் புதியது தானாக வந்து உட்கார்ந்தது.

எச்டியிலிருந்து 576 வரிக்கு இறக்கும்போதும் இதே நடைமுறைதான். பின்னிய வரிகளை அப்படியே நசுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் இரு வேறு கணத்துப் படங்கள் ஒன்றோடொன்று கலந்து, அசையும் எல்லாமே சீப்புப் பல் போல் கலைந்துவிடும். பிரிப்பது, அளவு மாற்றுவது, மறுபடி பின்னுவது என்ற வரிசையை விடக் கூடாது. இணையத்தில் கிடைக்கும் இலவச கன்வர்ட்டர்கள் பல, முதல் படியையும் கடைசிப் படியையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் செய்கின்றன.

சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஃபைனல் ஃபைலை ஃபீல்டு ஃபீல்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். பஸ் எப்போதும் ஒரே திசையில் போனால் சரி. எல்சிடி திரையை மட்டும் நம்பி முடிவு எடுக்காதீர்கள், அது இரண்டு ஃபீல்டையும் கலந்து குறையை மறைத்துவிடும்.

மின்னிய புள்ளி

டைட்டில்களில் இரண்டு சிக்கல். முதலாவது எதிர்பார்த்ததுதான். 2012இல் தமிழைப் பாமினி வகை எழுத்துருவில் தட்டியிருந்தார்கள். அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்கள் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பேட்டி கொடுத்தவர்களின் பெயர் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தது. தானாக மாற்றித் தரும் கருவிகள் இருந்தாலும், ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும் ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது என்பதால், இயக்குநர் ஒவ்வொரு பெயரையும் சொல்லச் சொல்ல யூனிகோடில் புதிதாகத் தட்டினோம். வீடு இழந்து, தோப்பு இழந்து கேமரா முன்னால் உட்கார்ந்து பேசிய ஒருவருடைய பெயரைத் தப்பாகப் போட்டு ஒளிபரப்ப எனக்கு மனம் இல்லை.

இரண்டாவது சிக்கல் தமிழ் எழுத்தின் வடிவத்திலேயே இருந்தது. இன்டர்லேஸில் ஒரே ஒரு வரி உயரமுள்ள எதுவும் ஒரு ஃபீல்டில் மட்டும்தான் இருக்கும். நொடிக்கு 25 முறை தோன்றி மறையும், கண்ணுக்கு மின்னும். ஆங்கிலத்தில் மெல்லிய படுக்கைக் கோடுகளுக்கு இந்தத் தொல்லை. நமக்கு மெய்யெழுத்தின் புள்ளி. சின்ன எழுத்தில் “பண்ருட்டி” என்று போட்டால் ண் மேலும் ட் மேலும் உள்ள புள்ளிகள் ஒன்றரை வரி உயரம்தான் வந்தன. மற்ற எழுத்துகள் அசையாமல் நிற்க, புள்ளிகள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன.

எழுத்தின் அளவை ஏற்றினோம். தடித்த எழுத்துருவாக மாற்றினோம். அப்புறம் டைட்டில்மேல் மட்டும் செங்குத்தாக மிக லேசான மங்கல் கொடுத்தோம். புள்ளி மூன்று வரி உயரம் வந்ததும் அடங்கியது. 576 வரியில் தமிழ் டைட்டில் போடும் யாருக்கும் என் யோசனை: எழுத்துரு அழகைப் பார்ப்பதற்கு முன் புள்ளியின் உயரத்தைப் பாருங்கள்.

பழைய நாளிதழ்ப் பக்கங்களை மெதுவாக நகர்த்திக் காட்டும் இடங்களிலும் இதே மினுமினுப்பு. அங்கும் அதே லேசான மங்கல் போதுமானதாக இருந்தது.

டைட்டிலின் இடத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. நம் உள்ளூர் சேனல்களில் திரையின் அடியில் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், மேல் மூலையில் லோகோ நிற்கும். 2012இல் பெயர்கள் திரையின் அடிவிளிம்பை ஒட்டிப் போடப்பட்டிருந்தன. சேனலில் அரை மணி நேரம் பதிவு செய்து, ஸ்க்ரோல் எந்த வரியில் தொடங்குகிறது என்று அளந்து, எல்லாப் பெயரையும் அதற்கு மேலே ஏற்றினோம். இதை யாரும் விவரக்குறிப்பில் எழுதித் தர மாட்டார்கள். போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிறமும் ஒலியும்

நிறத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நிறத்தை எண்ணாக்க எச்டிக்கு ரெக் 709, 576 வரி கொண்ட எஸ்டிக்கு ரெக் 601 என்று இரண்டு வெவ்வேறு கணக்கு. இறக்கும்போது கணக்கை மாற்றாவிட்டால் பச்சையும் தோல் நிறமும் லேசாகப் பிசகும். முந்திரி இலைப் பச்சை படம் முழுக்க வருவதால் உடனே தெரிந்தது, சரிசெய்தோம்.

ஒலி 2012இல் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுக் கலக்கப்பட்டிருந்தது. பேச்சு ஓர் அளவில், காற்றின் இரைச்சல் உச்சத்தில். சேனல் ஒலி அளவுக்கென்று எந்த எண்ணும் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒளிபரப்பில் வழக்கமான ஆர் 128 அளவை, அதாவது சராசரி ஒலி மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல் என்பதை எடுத்துக்கொண்டோம். ஆனால் வெறுமனே சராசரியை நகர்த்தவில்லை. பேட்டிகளை முதலில் ஏற்றி, காற்றை அதற்குக் கீழே வைத்து, பிறகுதான் அளந்தோம். பிடி 170 டேப்பில் சில இடங்களில் ஆடியோ 32 கிலோஹெர்ட்ஸில் பதிவாகியிருந்தது. அவற்றை முன்கூட்டியே 48க்கு மாற்றினோம்.

ஸ்ட்ரீமுக்குள் என்ன இருக்க வேண்டும்

இந்த வேலை என்னிடம் வருவதற்கு முன்பே, வேறு யாரோ டிவிடியைக் கன்வர்ட் செய்து கொடுத்த ஒரு ஃபைல் கன்ட்ரோல் ரூமில் இருந்தது. அங்கிருந்தவர், “சார், இது கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் ஓடுது. பாக்ஸ்லதான் நின்னு நின்னு வருது” என்றார். அந்த ஃபைலைப் பிரித்துப் பார்த்தது பெரிய பாடமாக இருந்தது.

டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்பது 188 பைட் கொண்ட ஒரே அளவுப் பாக்கெட்டுகளின் வரிசை. ஒவ்வொன்றிலும் முதல் 4 பைட் தலைப்பு, மீதி 184 சரக்கு. ஒரே அளவுப் பெட்டிகள் கோத்த சரக்கு ரயில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ரயில் நேரம் தவறக் கூடாது என்பதற்காக, சரக்கு இல்லாத இடத்தில் காலிப் பெட்டியையும் கோத்து அனுப்ப வேண்டும். 8191 என்ற அடையாள எண் உள்ள பாக்கெட்டுகள் அந்தக் காலிப் பெட்டிகள். பழைய ஃபைலில் அவை ஒன்றுகூட இல்லை. கம்ப்யூட்டர் பிளேயருக்கு அது பிரச்சினை இல்லை, அது வேண்டியதை முன்கூட்டியே ஃபைலிலிருந்து படித்து வைத்துக்கொள்ளும். கன்ட்ரோல் ரூம் சர்வர் அப்படி இல்லை. ஏழு ஏழு பாக்கெட்டாக, 1,316 பைட்டை ஒரு கட்டாக்கி, வலைப்பின்னல் வழியாகச் சீரான வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். வேகம் சீராக இல்லாத ஃபைலைத் தள்ளும்போது பாக்ஸ் ஒரு நேரம் பட்டினி கிடக்கிறது, இன்னொரு நேரம் திணறுகிறது.

அடுத்தது பிசிஆர் எனப்படும் கடிகாரக் குறி. செட்டாப் பாக்ஸ் தன் கடிகாரத்தை இதைப் பார்த்துத்தான் சரிசெய்துகொள்ளும். எம்பெக் விதிப்படி இரண்டு குறிகளுக்கு இடையே 100 மில்லிநொடிக்கு மேல் போகக் கூடாது, டிஜிட்டல் ஒளிபரப்புக்கான டிவிபி முறையில் 40க்குள் வைக்கச் சொல்கிறார்கள். பழைய ஃபைலில் அது பல இடங்களில் 100ஐத் தாண்டியிருந்தது. பாக்ஸ் நின்று நின்று வந்ததற்கு இந்த இரண்டும் சேர்ந்ததுதான் காரணம்.

நாங்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மாற்று மென்பொருளில் செய்தது இது. வீடியோவுக்குச் சரியாக 4 மெகாபிட், குறைந்ததும் கூடியதும் அதுவே. பாக்ஸ் தரவைத் தற்காலிகமாகத் தேக்கி வைக்கும் இடையகத்தின் அளவு, இந்த வகை எம்பெக்-2க்கு அனுமதிக்கப்பட்ட 1,835,008 பிட்டுக்குள். பன்னிரண்டு ஃப்ரேமுக்கு ஒரு குழு, ஒவ்வொரு குழுவும் மற்றொன்றைச் சாராமல் மூடியது. ஆடியோ 192 கிலோபிட். முழு ஸ்ட்ரீமின் வேகம் 4.5 மெகாபிட் என்று நிலைநிறுத்தியதும், மீதி இடத்தைக் காலிப் பாக்கெட்டுகளால் அதுவே நிரப்பிக்கொண்டது. பிசிஆர் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை. வீடியோவுக்கும் ஆடியோவுக்கும் கன்ட்ரோல் ரூம் சொன்ன அடையாள எண்களையே கொடுத்தோம். பல சேனல்களை ஒன்றாகக் கோக்கும் அவர்களுடைய மல்டிபிளெக்ஸர் அந்த எண்களைத்தான் தேடும். அகலப் படம் என்ற 16க்கு 9 குறியையும் வீடியோவுக்குள் எழுதினோம், இல்லாவிட்டால் முகங்கள் ஒல்லியாகும்.

நான்கு பாகத்தையும் மாஸ்டர் டைம்லைனிலிருந்து தனித்தனியாகவே என்கோட் செய்தோம். ஒரே ஃபைலாகக் கொடுத்து அவர்களை வெட்டச் சொன்னால், வெட்டும் இடத்தில் பாக்கெட் எண்ணிக்கை வரிசையும் கடிகாரமும் தாவும், விளம்பரத்துக்குப் பின் படம் ஓரிரு நொடி சதுரம் சதுரமாக உடையும். கன்ட்ரோல் ரூம்காரர் இதை உடனே புரிந்துகொண்டார். அவர் தினமும் பார்ப்பதுதான் அது.

நான்கும் சேர்ந்து 1.6 ஜிபி அளவுக்கு வந்தன. ஒளிபரப்புக்கு முன்பே, இரவு நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு, முழுப் படத்தையும் செட்டாப் பாக்ஸ் வழியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். அந்த ஓட்டத்தில்தான், மூன்றாம் பாகத்தில் ஒரு பெயர் ஸ்க்ரோல் மேல் இன்னும் லேசாக ஏறியிருந்தது தெரிந்தது. சரிசெய்து அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தோம்.

வைத்துவிட்டு வந்தவை

ஒளிபரப்பு ஃபைலை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து வர எனக்கு விருப்பமில்லை. 4 மெகாபிட் ஃபைலிலிருந்து இன்னொரு வடிவத்தை எடுத்தால் மிஞ்சுவது மிகக் குறைவு. அதனால் இயக்குநரின் புது டிஸ்க்கில் ப்ரோரெஸ் 422 என்ற உயர்தர வடிவத்தில் மாஸ்டர் ஒன்று போட்டோம். எச்டி அளவில் நொடிக்கு 122 மெகாபிட், 48 நிமிடத்துக்கு ஏறக்குறைய 44 ஜிபி. அதே படம் எழுத்தே இல்லாமல் இன்னொரு பிரதி, பேச்சும் இசையும் சூழல் ஒலியும் தனித்தனி டிராக்காக. எக்ஸ்எம்எல், டைட்டில்களின் யூனிகோடு எழுத்து ஃபைல், எந்தக் கிளிப் எந்த ஃபீல்டு வரிசை என்ற பட்டியல் இவையும் கூடவே. இன்னொரு பிரதி வேறு ஒரு வீட்டில் இருக்கிறது. சினிமாக்காரர்களுக்கு இது சாதாரண வழக்கம். நம் ஊரில் புயலையும் வெள்ளத்தையும் மீனவர் குப்பங்களையும் கையிலிருந்து காசு போட்டுப் படம் எடுத்தவர்கள் பலரிடம் இன்று இருப்பது ஒரு ப்ராஜெக்ட் ஃபைலும் ஒரு கீறிய டிவிடியும்தான். எடிட் முடிந்த அன்றே மாஸ்டர் ஒன்றைப் போட்டுவிட்டால் இந்த வேலையில் முக்கால் பங்கு தேவைப்படாது.

சேனல் தன் செல்போன் செயலிக்கும் இந்தப் படத்தைக் கேட்டது. போன் திரைக்கு இன்டர்லேஸ் ஆகாது. மாஸ்டரிலிருந்து நொடிக்கு 50 முழுப் படமாகப் பிரித்து, எச்.264 என்ற வீடியோ அமுக்க முறையில் மூன்று வெவ்வேறு வேகத்தில் என்கோட் செய்து, 6 நொடித் துண்டுகளாக, இணையத்தில் ஓட்டுவதற்கான எச்எல்எஸ் முறையில் கொடுத்தோம். பழைய முறை எச்எல்எஸ்ஸில் ஒவ்வொரு துண்டும் அதே 188 பைட் பாக்கெட்டுகளால் ஆனதுதான், காலிப் பாக்கெட் மட்டும் தேவையில்லை. மாஸ்டர் கையில் இருந்ததால் அது ஒரே மாலையில் முடிந்த வேலை.